24 கிலோமீட்டர் கங்கைக்குப் பணம் வாங்கிக்கொண்டு 9 கிலோமீட்டர் காட்டியது பற்றி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் ரிஷிகேஷ் பேக்கேஜ் பற்றி நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது மெயில் இது. முதல் நான்குக்கும் ஒரே கதைதான். அனுப்பிய அரை மணி நேரத்தில் "உங்கள் புகார் பெறப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வரும், இரண்டு நாள் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொன்று வரும். யாருக்குத் தீர்ந்தது? எனக்குத் தீரவில்லை. அதனால் இந்த முறை மேலே பொறுப்பில் இருக்கும் யாராவது ஒருவர் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஜூன் 28-ம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் வேறெதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று மாலை நாற்பது நிமிடம் உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த பிறகு ஒருவர் எடுத்தார். ரிஷிகேஷுக்கு மேலே மரைன் டிரைவ் என்ற இடத்திலிருந்து கிளம்பும் 24 கிலோமீட்டர் ராஃப்டிங்குக்கு (ரப்பர் படகுப் பயணத்துக்கு) பணம் வாங்கிவிட்டு, 9 கிலோமீட்டர் மட்டுமே போகும் பிரம்மபுரியில் இறக்கிவிட்டீர்கள் என்று நான் பொறுமையாக, முதலிலிருந்து, எட்டாவது முறையாகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ரெண்டும் கங்கைதானே மேடம்? அதே தண்ணிதானே?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரும் சிரித்த சத்தம் கேட்டது. அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நீங்களே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

அதே தண்ணீர்தான், சரி. அப்படியானால் விலை ஏன் வேறு வேறாகப் போட்டிருக்கிறீர்கள்? உங்கள் பட்டியலில் பிரம்மபுரி 9 கிலோமீட்டர், சிவபுரி 16 கிலோமீட்டர், மரைன் டிரைவ் 24 கிலோமீட்டர் என்று தனித்தனியாக இருக்கிறது. நான் ஒன்றும் சும்மா பெயர் அழகாக இருக்கிறதே என்று மரைன் டிரைவைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும்போதே மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தாள். ஹிமாச்சலில் இருக்கும் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங், தண்டேலியில் ராஃப்டிங், ரிஷிகேஷ் என்று மூன்று பெயர். ரிஷிகேஷுக்குக் கீழே மட்டும் பொடி எழுத்தில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ். இவையெல்லாம் கங்கையின் பாய்ச்சல்களுக்கு, அதாவது ஆறு அலையடித்துச் சீறிப் பாயும் இடங்களுக்கு, ராஃப்டிங்காரர்கள் வைத்த பெயர்கள் என்று எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த மூன்றுமே பிரம்மபுரிக்கு மேலே இருக்கின்றன. பிரம்மபுரியில் படகு ஏறினால் அவை முதுகுக்குப் பின்னால் போய்விடும். சினிமாவுக்கு டிக்கெட் வாங்கியவனை இடைவேளைக்குப் பிறகு உள்ளே விட்டு, அதே தியேட்டர்தானே என்று சொல்வது போல இருக்கிறது.

நான், என் மகள், என் தம்பி என்று மூன்று பேருக்குத் தலைக்கு 18,900 ரூபாய், அதற்கு மேல் மரைன் டிரைவுக்காக மட்டும் தலைக்கு 1,100, பஞ்சி ஜம்ப்புக்கு (காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது) என் மகளுக்கும் தம்பிக்கும் 4,200 வீதம். மொத்தம் 68,400 ரூபாய், விமான டிக்கெட் தனி. நான் வேலூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இது இரண்டு வருடச் சீட்டுப் பணம். என் கணவர் "கங்கையில ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தா போதாதா, எதுக்கு இவ்வளவு செலவு" என்று அப்போதே சொன்னார். இப்போது தினமும் சொல்கிறார். இதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஜீப் கூரையில் ராஃப்டைக் கட்டிக்கொண்டு தபோவனிலிருந்து பத்ரிநாத் சாலையில் கிளம்பினோம். கொஞ்ச தூரம்தான் போயிருக்கும், ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி இறங்கச் சொன்னார். என் மகள்தான் முதலில் கவனித்தாள், "அம்மா, இது பிரம்மபுரிம்மா" என்று. வழிகாட்டியாக வந்த பையனிடம் கேட்டோம். அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். உங்கள் அலுவலகத்திலிருந்து அவர்களுக்குப் போன செய்தியிலேயே "3 பேர், பிரம்மபுரி, 9 கி.மீ." என்றுதான் இருந்தது. முந்தின நாள் இரவு 9.47-க்கு அனுப்பியிருக்கிறீர்கள். என் தம்பி அதைப் படம் எடுத்து வைத்தான், நான்கு மெயிலிலும் இணைத்திருக்கிறேன், இதிலும் இணைத்திருக்கிறேன். வழியில் நெரிசல், பாதுகாப்புக் காரணங்களுக்காக இடம் மாற்றப்பட்டது என்று நீங்கள் பிறகு சொன்ன கதைக்கெல்லாம் இந்த ஒரு படம் போதும். நாளைக்குக் காலையில் வரப்போகும் நெரிசல் முந்தின நாள் ராத்திரியே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் ஒவ்வொரு பக்கிளையும் தானே இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டான். துடுப்பின் மேல் முனையில் டி எழுத்து மாதிரி இருக்கிற பிடியிலிருந்து கையை எடுக்கவே கூடாது, எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லில்தான் போய் நிற்கும் என்று நடித்தே காட்டினான். தண்ணீர் பச்சையாக, மே மாத வெயிலிலும் கை விறைக்கிற குளிராக இருந்தது. ஆனால் நாங்கள் "ஃபார்வர்ட்" என்ற சத்தத்துக்குத் துடுப்புப் போடப் பழகுவதற்குள் பயணம் முடியும் நீம் பீச் வந்துவிட்டது. இறங்கி மணலில் நின்றபோது என் மகள் கேட்டது "அவ்வளவுதானா?" என்றுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நஷ்ட ஈடு எத்தனை லட்சம் என்று உங்கள் சட்டப் பிரிவைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பஞ்சி. இதை எழுதும்போது எனக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறுகிறது, மன்னிக்கவும். புக்கிங் ஃபார்மில் எடை என்று ஒரு கட்டம் வைத்தது நீங்கள். அதில் என் மகளுக்கு 38 கிலோ என்று எழுதியது நான். அதை வாங்கிக்கொண்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு, "உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை டிக் போட்டு அனுப்பியது நீங்கள். ரிஷிகேஷிலிருந்து மலைப் பாதையில் வளைந்து வளைந்து மோகன்சட்டி வரை போனோம் (பெயரைக் கேட்டதிலிருந்து என் தம்பி மண்சட்டி, மீன்சட்டி என்று கடித்துக்கொண்டே வந்தான்). 83 மீட்டர் உயர மேடை. போனவுடன் எடை மெஷினில் நிற்க வைத்து, எவ்வளவு என்று மார்க்கரால் கையிலேயே எழுதுகிறார்கள். என் தம்பி கையில் 72. என் மகள் கையில் 38. எழுதிய பெண் அந்த எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பின்னால் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். குறைந்தபட்சம் 40 கிலோ.

அவர்கள் செய்தது சரி. என் பிள்ளை உயிர் விஷயம், எடை போதாது என்றால் குதிக்க விடாததற்கு நான் நன்றிதான் சொல்வேன். என் கேள்வி உங்களுக்குத்தான். 40 கிலோ விதி உங்களுக்குத் தெரியாதா? தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தினமும் இதை விற்கிறீர்கள். தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள். முன்பே சொல்லியிருந்தால் அவள் அந்த மலை வரைக்கும் வந்து, தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி குதிப்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாள். திரும்பி வரும்போது காரில் எச்சில் தொட்டு அந்த 38-ஐத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பர்மனென்ட் மார்க்கர். இரண்டு நாள் போகவில்லை. அவள் குதிக்கவில்லை என்றதும் தம்பியும் குதிக்கவில்லை. இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்: "செயல்பாடு கிடைக்கும் நிலையில் இருந்தது, வாடிக்கையாளர் பங்கேற்கவில்லை, எனவே பணம் திரும்பத் தரப்படாது." பங்கேற்கவில்லையாம்!

நடுவில் வீடியோ விஷயத்தை மறந்துவிட்டேன். பேக்கேஜில் ராஃப்டிங் போகும்போது கோப்ரோ கேமராவில் எடுக்கும் வீடியோ உண்டு என்று போட்டிருந்தீர்கள். பத்து நாள் கழித்து ஒரு லிங்க் வந்தது. ஆசையாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து டி.வி.யில் போட்டால், அதில் இருப்பது நாங்கள் இல்லை. தலைப்பாகை கட்டிய தாத்தா முதல் பேரன் வரைக்கும் ஆறு பேர், யாரென்றே தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. அவர்கள் போனது முழு மரைன் டிரைவ். கோல்ஃப் கோர்ஸில் ராஃப்ட் மூக்கு செங்குத்தாகத் தூக்கி, அந்தத் தாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தி, அலை எல்லாரையும் மூடி, மறுபடி வெளியே வருகிறார்கள். என் மகள் அதை மூன்று முறை ரீவைண்ட் செய்து பார்த்தாள். நாங்கள் பணம் கட்டிய பாய்ச்சலை ஊர் பேர் தெரியாதவர்கள் தாண்டுவதை வேலூரில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். ஜூன் 28 ஆசாமி இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்: "வீடியோ டெலிவர்டுன்னு காட்டுதே மேடம்."

உங்கள் சென்னை கிளைக்கு என்னை வரவழைத்தது இன்னொரு கூத்து. "ஒரிஜினல் வவுச்சருடன் நேரில் வந்தால் உடனடியாகத் தீர்வு" என்று மெயில் அனுப்பினீர்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு, காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவில் வந்து சேர்ந்தால் பதினொன்றரை வரைக்கும் கதவே திறக்கவில்லை. திறந்த பிறகு அங்கிருந்த பெண் என் தாளை வாங்கிப் பார்த்து "இது பிரின்ட் அவுட், ஒரிஜினல் வேணும்" என்றார். அம்மா, நீங்கள் அனுப்பியதே பி.டி.எஃப். பி.டி.எஃப்புக்கு ஒரிஜினல் எங்கேயிருந்து வரும், பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுக்கவா? இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, இங்கே விற்பனை மட்டும்தான், புகார் எல்லாம் குருகிராம் அலுவலகம் பார்க்கும் என்று அனுப்பிவிட்டார்கள். சொல்லப்போனால் மறுபடி எங்கேயாவது போகலாமே என்று அடுத்த பேக்கேஜ் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதிலும் முதல் பக்கத்தில் லட்சுமண் ஜூலா பாலத்தில் நடைபயணம் என்று போட்டிருக்கிறது. பாதுகாப்பில்லை என்று 2019-லேயே மூட உத்தரவு போட்ட பாலம் அது. நாங்கள் போனபோதும் உங்கள் திட்டத்தில் இருந்தது, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இத்தனைக்கும் பிறகு போன வாரம் "நல்லெண்ண அடிப்படையில்" தலைக்கு 500 ரூபாய் கூப்பன். ராஃப்டிங் அல்லது பாராகிளைடிங்குக்கு மட்டும், ஆகஸ்ட் 31 வரை செல்லும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மழை வெள்ளத்துக்காக ரிஷிகேஷில் ராஃப்டிங் மூடியிருக்கும். ஹிமாச்சலில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்குத் தடை. உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இது பொடி எழுத்தில் இருக்கிறது. அப்புறம் இந்தக் கூப்பனை நான் எங்கே போய்ப் பறக்கவிடுவது, வேலூர்க் கோட்டை அகழியிலா?

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் பேக்கேஜில் தங்கிய அறை நன்றாக இருந்தது, சாப்பாட்டையும் நான் குறை சொல்லவில்லை. நியாயமாக முடித்துக்கொள்ளத்தான் ஆசைப்படுகிறேன். மரைன் டிரைவுக்கு வாங்கிய 3,300, பஞ்சிக்கு வாங்கிய 8,400, மோகன்சட்டி போய்வந்த கார் வாடகை, உங்கள் பேச்சைக் கேட்டுச் சென்னை வந்த செலவு, ஒரு நாள் சம்பளம், இவை என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், கூப்பனாக இல்லை. கூடவே எழுத்து மூலம் மன்னிப்பு, என் மகள் பெயருக்கு.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் வரவில்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், குருகிராமுக்கு அலைய வேண்டியது நான் இல்லை. 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது, விசாரித்துவிட்டேன். மன உளைச்சலுக்கு மட்டும் 2 லட்சம் கேட்பேன், வழக்குச் செலவு தனி. கார்டு வழியாகக் கட்டிய பணத்துக்கு வங்கியிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

தயவுசெய்து விரைவாக முடித்துக் கொடுங்கள். பேச வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் ஆய்வகத்தில் போன் எடுக்க முடியாது. ஜூன் 28 அன்று பேசியவரைக் கூப்பிட விட வேண்டாம். அந்தப் பஞ்சாபிக் குடும்பத்தின் வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை, அவர்களுக்கு எங்கள் வீடியோ போயிருக்கும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், பாவம், அவர்களாவது தங்கள் தாத்தா கத்தியதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் 15 கிலோமீட்டர் ஆறு பாக்கி உள்ள வாடிக்கையாளர்,
வேலூர்

(புக்கிங் எண்ணும் நான்கு பழைய புகார் எண்களும் மெயிலின் தலைப்பில் இருக்கின்றன. மறுபடி என்னிடம் கேட்க வேண்டாம்.)