செயலாளர் ஆண்டறிக்கை: இது கருமணல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி இந்த ஆண்டு நம் குன்னூர்க் கூட்டங்களில் ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டோம்: குமரிக் கரையோரத் தாது மணல். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

குமரிக் கரையில் உள்ள மணவாளக்குறிச்சியின் கருமணல் நம் மலையிலிருந்து போனதுதானே என்ற கேள்வி எழாத கூட்டமே இல்லை. அல்ல. நீலகிரி நீரில் பெரும்பகுதி மாயாறு, பவானி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கூடலூர்ப் பக்கத்து நீர் சாலியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. அந்தக் கரைக்கு மணல் தந்தவை குமரி மாவட்டத்து மலைகள். நமக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு சார்னோக்கைட் பாறையோடு சரி.

1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், இங்கிருந்து போன தென்னைநார்க் கயிற்றில் ஒட்டி வந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார்; அங்கிருந்துதான் அந்தக் கரையின் தொழில் பிறந்தது. சாதாரண மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸின் அடர்த்தி (கன செ.மீ.க்குக் கிராமில்) 2.65. கருமணலின் கனக்கனிமங்களில், அதாவது கனமான கனிமங்களில், இல்மனைட், சிர்க்கான் இரண்டும் 4.7ஐ ஒட்டியவை; மோனசைட் 5 அளவில் நிற்கும். தென்மேற்குப் பருவ அலை எல்லாவற்றையும் கரையேற்றுகிறது, திரும்பும் நீர் லேசானதை மட்டும் இழுத்துப் போகிறது. அதனால் பருவம் முடிந்ததும் கரை கறுத்துக் கிடக்கும். அப்போது மேலாக அள்ளிய ஒரு பிடியை வைத்து வளத்தைக் கணக்கிட்டால் கணக்கு பொய்க்கும். மேல் 10 செ.மீ.யில் 60 சதவீதம், அதன் கீழ் 90 செ.மீ.யில் 4 சதவீதம் கனக்கனிமம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்குச் சராசரி 9.6தான். ஆழவாரியாக மாதிரி எடுக்காத எந்த மதிப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அணுக்கனிம விதிகள் கடுமையானவை. ஆகவே கரை மணலைக் கொண்டுவரவில்லை. கனக்கனிமத்தைப் பிரித்து எடைபோடும் பயிற்சி நம் ஓடை மணலில்தான்.

செய்முறை இது. மணலைக் கலங்கல் போகும்வரை அலசி உலர்த்த வேண்டும். ஐப்பசி மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது. வாணலியில் சிறு தீயில், இரண்டு முறை எடைபோட்டும் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தினோம். பின் குவித்து, தட்டையாக்கி, நான்காக வகுத்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுத்து, 500 கிராம் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். நேராகக் கையால் அள்ளினால் பருமணல் ஒரு பக்கம் சரிந்து எடை தப்பும். அதன்பின் தட்டில் நீரோடு அரித்து, எஞ்சியதை மீண்டும் உலர்த்தி, பாலித்தீன் உறையிட்ட காந்தம். சாதாரணக் காந்தம் மேக்னடைட்டை இழுக்கும்; நியோடிமியக் காந்தத்துக்கு இல்மனைட்டும் கார்னெட்டும் வரும்; சிர்க்கான், ரூட்டைல், சிலிமனைட் அசையாது. ஈரம் மிச்சமிருந்தால் குவார்ட்ஸும் சேர்ந்து ஒட்டும்.

முதல் இரண்டு கூட்டங்களின் எண்களைத் தள்ளிவிட்டோம். தேயிலைத் தோட்டச் செம்மண்ணிலிருந்து வந்த இரும்புக் குருணையை இல்மனைட் என்று எண்ணிவிட்டோம்! இரண்டும் கறுப்பு, இரண்டும் கனம். நசுக்கி வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்த்தால் குட்டு வெளிப்படும்: இல்மனைட் கருங்கோடு போடும், குருணை மஞ்சட்பழுப்பு. அரித்த தட்டில் சிலிமனைட் நிற்பதும் அரிது, 3.2 அடர்த்தி என்பதால் கை கொஞ்சம் வேகமானாலும் குவார்ட்ஸோடு போய்விடும்.

கடல் மணலுக்கு வேறு இரண்டு தொல்லைகள். உப்பை நன்னீரில் அலசாவிட்டால் எடை கூடும், மணல் கட்டிப்படும். கிளிஞ்சல் துண்டில் உள்ள அரகோனைட் 2.93, கனக்கனிமத்தை மூழ்கவைத்துப் பிரிக்க ஆய்வகத்தில் பயன்படும் கனத்த திரவமான புரோமோஃபார்ம் 2.89. சிப்பியும் மூழ்கிக் கனக்கனிமக் கணக்கில் ஏறிவிடும். அதற்கு முன்பே நீர்த்த அமிலத்தில் கரைக்க வேண்டும். புரோமோஃபார்ம் ஆவி நஞ்சு. நம் மூடிய அறையில் அதைத் தொடவில்லை, தொடவும் வேண்டாம்.

0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்றும் சல்லடைத் தொகுதி ஒன்றும் வாங்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்