ஜெய்சல்மேர் அருகேயுள்ள சாம் மணற்குன்றுச் சுற்றுலா முகாம் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்னும் 2000ஆம் ஆண்டு விதியை உங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. நான் தங்கிய முகாமின் வரவேற்பறையில் அது அச்சிட்டு ஒட்டப்பட்டே இருந்தது.

அன்று மாலை, பரம்பரை இசைக்கலைஞர்களான மாங்கணியார் சமூகத்து முதியவர் ஒருவர் கமாய்ச்சா வாசிக்க அமர்ந்தார். மாமரக் குடத்தின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தி, நரம்புத் தந்திகளை வில்லால் இழைத்து வாசிக்கும் அந்தக் கருவியின் கனத்த, சற்றே கரகரத்த நாதத்தைக் கேட்பதற்காகவே ஜெய்சல்மேரைத் தாண்டி மேலும் 40 கிலோமீட்டர் வந்திருந்தோம். பக்கத்து முகாமில் டி.ஜே. தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த எங்களுக்கே வில் அசைவது தெரிந்ததே தவிர, இசை கேட்கவில்லை. மேலாளர் ஓடிவந்து அவர் முன்னால் ஒலிவாங்கியை நட்டார். பக்கத்தில் சத்தம் இன்னும் கூடியது. பெரியவர் வில்லை மடியில் கிடத்திவிட்டு, தவறு தம்முடையது என்பதுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

குளிர்சாதனமும் குளியல் தொட்டியும் பொருத்திய கூடாரத்துக்கும் சுவர் என்னவோ துணிதான் என்பதால், நள்ளிரவு தாண்டியும் கட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது. கேட்டதற்குக் காதில் வைக்கப் பஞ்சு தந்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 'பாலைவனத்தின் பேரமைதி' என்று விளம்பரத்தில் அச்சிட்டதற்கு மட்டும் வாங்கிவிட்டார்கள்.

நாங்களாவது மறுநாள் ஊர் திரும்பிவிடலாம். ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயிலுக்குப் போக்கிடம் ஏது? உலகில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை பாலைவனத் தேசியப் பூங்காவையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பியே வாழ்கின்றன. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் அப்பறவையின் வாழிடத்தை ஒட்டித்தான் பகலில் ஜீப்புகளும் இரவில் ஒலிபெருக்கிகளும் முழங்குகின்றன. ராஜஸ்தானின் அடையாளம் என்று அதன் படத்தை வரவேற்பறையில் மாட்டிவைப்பதில் மட்டும் யாரும் குறைவைப்பதில்லை.

"நாங்கள் நிறுத்தினாலும் பக்கத்து முகாம் நிறுத்தாதே" என்றார் எங்கள் மேலாளர். அது உண்மை என்பதாலேயே ஒருவருக்கு எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கும் முன் நீங்கள் கூடிப் பேசி, இரவு 10 மணிக்கு எல்லா முகாம்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்துங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் வாசிக்கும் மாலை வேளையிலும் அவற்றை அணைத்துவையுங்கள் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விருந்தினர்களுள் ஒருவர்