இரண்டாம் பருவ நிறைவும் பள்ளி வாயிலில் வாகன ஒழுங்கும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்துள்ளன. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, விடுமுறைக்குப் பின் முதல் வாரத்திலேயே உங்கள் பார்வைக்கு அனுப்பப்படும். இப்பருவத்தில் நம் மாணவர்கள் குறுமைய விளையாட்டுப் போட்டிகளிலும், திருக்குறள் ஒப்புவித்தலிலும், அறிவியல் கண்காட்சியிலும் பரிசுகள் பெற்றுள்ளனர். பத்தாம் வகுப்பு மாணவர்களின் கணிதத் தேர்ச்சி சென்ற பருவத்தைவிட மேம்பட்டுள்ளது. நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வந்துள்ளன. இவை அனைத்துக்கும் உறுதுணையாக நின்ற ஆசிரியர்களுக்கும் உங்களுக்கும் என் பாராட்டுகள்.

இப்பருவத்தின் நிகழ்ச்சிகளுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நரேன் கார்த்திகேயனைத் தந்த கோவையில் பிள்ளைகளுக்குக் கார் பந்தயத்தின் மீது ஆசை இருப்பதில் வியப்பில்லை. நம் பள்ளியின் மோட்டார் மன்ற மாணவர்கள், நெடுநேரப் பந்தயத்திலும் ராலியிலும் ஒருசேரப் புகழ்பெற்ற பெல்ஜியம் நாட்டு ஓட்டுநர் ஜாக்கி இக்ஸின் வாழ்க்கையைப் படித்து, அவர் கார் பிரியர்களை இணையவழியில் சந்தித்தால் அந்த உரையாடல் எப்படி இருக்கும் என்பதை ஒரு சனிக்கிழமை மாலை நடித்துக் காட்டினார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் இக்ஸாக அமர்ந்தார். மற்ற மாணவர்களும், உங்களில் பலரும், சில தாத்தா பாட்டிகளும் திரையில் இரசிகர்களாகக் கூடினீர்கள். உறுதிப்படுத்தப்பட்ட செய்திகளை மட்டுமே பதிலாகச் சொல்ல வேண்டும், தெரியாததை இட்டுக்கட்டக் கூடாது என்பது இயற்பியல் ஆசிரியர் விதித்த நிபந்தனை. அதை அம்மாணவர் இறுதிவரை காப்பாற்றினார்.

வர இயலாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரான்ஸில் நடைபெறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை இக்ஸ் 1969, 1975, 1976, 1977, 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் ஆறு முறை வென்றவர். அதற்குப் பின் 1983-இல், நடிகர் குளோட் பிராசரைத் துணை ஓட்டுநராக அமர்த்திக்கொண்டு, மெர்சிடஸ் வண்டியில், பாலைவனத்தைக் கடந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகர் வரை செல்லும் பாரிஸ்–டக்கார் ராலியையும் வென்றார். தார்ச்சாலையில் ஓட்டியவர் பாலைவன மணலில் எப்படி வென்றார் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் கேட்டபோது, இக்ஸாக அமர்ந்தவர் 1977-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தைச் சொன்னார். அவ்வாண்டு இக்ஸின் கார் தொடக்கத்திலேயே எஞ்சின் பழுதாகி விலகிவிட்டது. அவரை அணியினர் வேறொரு போர்ஷே காருக்கு மாற்றினார்கள். அதுவும் பழுதுபார்க்க நின்றதால் வெகுதூரம் பின்தங்கிக் கிடந்த கார். இரவு முழுவதும் ஓட்டி அதை முன்னணிக்குக் கொண்டுவந்தார் இக்ஸ். கடைசியில் எஞ்சின் பாதி உயிரோடு இருக்க, கூட்டாளியான யூர்கன் பார்த் அதை மெல்ல உருட்டி முடித்தார். வண்டியை முடிவுக்கோடு வரை உயிரோடு கொண்டுசேர்ப்பதுதான் இரு வகைப் போட்டிக்கும் பொதுவான திறமை என்ற அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது 1969-ஆம் ஆண்டுக் கதை. அக்காலத்தில் லெ மானில் கார்களைச் சாலையின் ஒருபுறம் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஓட்டுநர்கள் எதிர்ப்புறம் நிற்பார்கள். கொடி அசைந்ததும் அனைவரும் சாலையைக் கடந்து ஓடி, காருக்குள் தாவி, கிளப்பிச் சென்றுவிட வேண்டும். பார்ப்பதற்கு அது கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் சில நொடிகளை மிச்சப்படுத்துவதற்காகப் பலர் சீட் பெல்ட்டை மாட்டாமலே கிளம்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, சரியாகச் சாத்தப்படாத கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டதால், இக்ஸின் நாட்டவரான வில்லி மேரெஸ் முதல் சுற்றிலேயே விபத்தில் சிக்கிப் படுகாயமடைந்திருந்தார். இந்த வழக்கத்தை எதிர்க்க எண்ணிய 24 வயது இக்ஸ், 1969 ஜூன் 14 அன்று கொடி அசைந்தபோது ஓடவில்லை. மற்றவர்கள் பாய்ந்தோட, அவர் சாவகாசமாக நடந்துபோய், தம் ஃபோர்டு ஜி.டி. 40 காரில் அமர்ந்து, பெல்ட்டை நிதானமாக மாட்டி இறுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாகக் கிளம்பினார். அதே முதல் சுற்றில், ஜான் வூல்ஃப் என்ற ஓட்டுநர் போர்ஷே 917 கார் நிலைதடுமாறி மோதியதில் வெளியே தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை.

ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடிய அப்பந்தயத்தின் கடைசி மணி நேரத்தில் இக்ஸும் போர்ஷே ஓட்டுநர் ஹான்ஸ் ஹெர்மானும் மாறி மாறி முந்திக்கொண்டார்கள். முடிவில் இக்ஸ் சுமார் 120 மீட்டர் இடைவெளியில் வென்றார். கடைசியாகக் கிளம்பியவர் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு முதல் ஓட்டுநர்கள் பெல்ட் மாட்டி அமர்ந்த நிலையிலேயே பந்தயம் தொடங்கியது.

இக்கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. பந்தயம் முடிந்த மறுநாள், இக்ஸ் தம் சொந்தக் காரில் பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சார்த்ர் நகருக்கு அருகே வேறொரு கார் குறுக்கே வந்துவிட, அவர் கார் கம்பத்தில் மோதி நொறுங்கியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காயமின்றி இறங்கினார். 24 மணி நேரப் பந்தயத்தில் வராத ஆபத்து, பொதுச் சாலையில், பிறர் தவறால் வந்தது. ‘வீடு இரண்டு நிமிட தூரந்தானே’ என்று சொல்லும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப்பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கேள்வி நேரத்தின் முடிவில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர் கையுயர்த்தினார். “சார், ரேஸ் ஓட்டுறவரே பெல்ட் போட்டுட்டுத்தான் கிளம்பினார். எங்க அப்பா சிக்னல்ல போலீஸைப் பார்த்தாத்தான் போடுறார். அவர்கிட்ட நான் என்ன சொல்லணும்?” இக்ஸாக அமர்ந்திருந்த மாணவர் இக்கேள்விக்குத் தயாராக வரவில்லை, திரையிலேயே ஆசிரியரைத் தேடினார். அந்நேரம் பார்த்துச் சில சதுரங்களில் கேமரா அணைந்தது. இணைய இணைப்பின் கோளாறு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கேள்விக்குரிய பதிலை மாணவரிடம் விட்டுவிடாமல் நானே உங்களிடம் சொல்வது முறை என்று கருதுகிறேன். காலை எட்டேகால் மணியிலிருந்து முதல் மணி அடிக்கும் வரை நம் பள்ளி வாயிலில் நடப்பதைக் கடந்த சில வாரங்களாக நானும் உடற்கல்வி ஆசிரியரும் நின்று கவனித்து வருகிறோம். பெரும்பாலான பெற்றோர்கள் பொறுப்புடன் நடந்துகொள்கிறீர்கள் என்பதை முதலில் பதிவு செய்கிறேன். எனினும், காரின் முன் இருக்கையில் தாயின் மடியில் பெல்ட் இல்லாமல் குழந்தை, ஸ்கூட்டரின் முன்புறம் கைப்பிடியைப் பிடித்து நிற்கும் யு.கே.ஜி. பிள்ளை, பின்னால் தலைக்கவசமின்றி இருவர், தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசி, வாயிலுக்கு நேர் எதிரே திடீரென எடுக்கப்படும் திருப்பம் ஆகியவை அன்றாடக் காட்சிகளாகிவிட்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம் இருக்கிறது. அலுவலகம் செல்ல வேண்டும், அடுத்த பிள்ளையை வேறு பள்ளியில் விட வேண்டும், மேம்பால வேலையால் சாலை அடைபட்டிருக்கிறது. இவற்றை நான் அறியாதவன் அல்லன்.

மடியில் இருக்கும் குழந்தையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்புவோருக்காக, நம் மாணவர்கள் போட்ட கணக்கை இங்கே தருகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. அக்கார் மோதிப் பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், 20 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த 220 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குவதற்கு ஈடான வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும், எந்தத் தந்தையின் கைக்கும் அந்த வலு கிடையாது.

மேல்நிலை வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்குத் தனியே ஒரு செய்தி. பதினெட்டு வயது நிரம்பாத சில மாணவர்கள் கியர் வண்டிகளையும் பெரிய ஸ்கூட்டர்களையும் ஓட்டிவந்து, பள்ளிக்குப் பின்னாலுள்ள கடைச் சந்தில் நிறுத்திவிட்டு, நடந்து வந்தவர்களைப் போல வாயிலில் நுழைகிறார்கள். வினவியபோது ஒரு மாணவர், ‘இக்ஸ்கூடச் சிறுவயதில் பைக்தான் ஓட்டினார்’ என்று எனக்கே பாடம் நடத்தினார். உண்மைதான். ஆனால் அவர் தொடங்கியது 50 சி.சி. ட்ரயல் வண்டிகளில். ட்ரயல் என்பது வேகப் போட்டியே அன்று; பாறையும் சேறும் நிறைந்த, பொதுப் போக்குவரத்து இல்லாத தடத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் மெல்லக் கடந்துசெல்லும் சமநிலைப் போட்டி. அவிநாசி சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே புகுந்து வருவதற்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

இதில் நான் கண்டிப்புடன் பேச வேண்டியிருக்கிறது. சாவி பிள்ளையின் கைக்குத் தானாக வந்துசேர்வதில்லை. வீட்டில் யாரோ கொடுக்கிறார்கள், அல்லது எடுப்பதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனத்தின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் கட்டாயம். விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாள் முதல், உரிமமின்றி வண்டி ஓட்டிவரும் மாணவரின் பெற்றோர் அன்றே பள்ளிக்கு அழைக்கப்படுவர். வண்டியைப் பெற்றோர்தாம் நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டாம் முறையும் நிகழ்ந்தால் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுத்துமூலம் தெரிவிப்பேன். பரிந்துரைகளோடு யாரும் என்னை அணுக வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதே வேளையில், அவசரத்துக்கு ஒரு காரணம் பள்ளியின் தாமத விதிதான் என்று பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் சுட்டிக்காட்டியது நியாயமானது. ஆகவே இனி வாயிற்கதவு காலை எட்டு மணிக்கே திறக்கப்படும். முதல் மணிக்குப் பின் பத்து நிமிடங்களுக்குள் வரும் பிள்ளைகள் வெளியே நிறுத்தப்பட மாட்டார்கள்; நேரே வகுப்புக்குச் செல்லலாம். அதற்கு ஈடாக, காரில் வருவோர் வாயிலருகே நிறுத்தாமல், விளையாட்டுத் திடலின் மேற்குப் பக்கக் கதவருகே பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து வகுப்பறை மூன்று நிமிட நடைதான். பத்து நிமிடம் தாமதமாக வரும் பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொள்வது எங்களுக்குச் சிரமமே இல்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு, தலைக்கவசத்தின் பட்டையைத் தாடைக்குக் கீழே பூட்டிவிட்டு, நிதானமாகவே கிளம்புங்கள்.

மோட்டார் மன்றத்தைக் கலைத்துவிடுவீர்களா என்று மாணவர்கள் கவலையோடு கேட்டார்கள். அப்படி ஓர் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த பருவத்தில் ராலியின் வழிகாட்டிகளைப் பற்றியும், அவர்கள் படித்துச் சொல்லும் வழிக்குறிப்பேட்டைப் பற்றியும் அடுத்த இணையச் சந்திப்பை நடத்த இருக்கிறார்கள். இம்முறையும் நீங்கள் கேமராவை அணைக்காமல் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திப் பிள்ளையின் கைபிடித்து நடத்தி அழைத்துவரும் பெற்றோருக்கும், அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்ற மறுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும், மழையிலும் வாயிலில் நிற்கும் காவலர்களுக்கும் பள்ளியின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. அந்த ஆறாம் வகுப்பு மாணவியின் தந்தை மறுவாரம் என்னைச் சந்தித்து, மகள் கேட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை என்று தாமாகவே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

விடுமுறையில் ஊர்ப்பயணம் செல்வோர் பத்திரமாகச் சென்று வாருங்கள். பள்ளி திறக்கும் தேதியும் நேர மாற்றமும் பிள்ளைகளின் நாட்குறிப்பில் ஒட்டப்பட்டுள்ளன, கையொப்பமிட்டு அனுப்பவும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்