தகரப் பெட்டிகளைத் திறப்போம்: ஊர் வரலாற்று அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் இருக்கும் நம் சிற்றூரில், பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இன்னும் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது தாத்தாவோ அப்பாயியோ தலையில் சுமந்து வந்த பெட்டி. போன மாதம் அப்படி ஒன்றைத் திறந்தோம். உள்ளே தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பு விட்டு நாலு துண்டாகியிருந்தது. ஒட்டியிருந்த படத்தில் தாயின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பூஞ்சைதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் குழுவே உருவானது.

1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த, இந்தியாவிலிருந்து போன நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே வீடு இரண்டானது. தலைமன்னாருக்குப் போன ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றே பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சிலர் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை கிடைத்து நேராக நீலகிரி வந்தார்கள். தொழில் கடன் வாங்கிச் சமவெளியில் கடை வைத்து நொடித்துப்போய், தெரிந்த வேலையான தேயிலையைத் தேடி மலையேறியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கதையைத்தான் நம் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

அன்று இருபது வயதில் கப்பலேறியவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பேசுவதைக் குரலாகப் பதிவு செய்ய வேண்டும். காகிதங்களை ஸ்கேன் செய்து, ஈரம் படாத அலமாரியில் வைக்க வேண்டும். படிப்பகத்தின் பின்னறையை ஊரார் இலவசமாகவே தந்துவிட்டார்கள். கூரை ஒழுகுவதை நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்கேனர், ஒலிப்பதிவுக் கருவி, இரும்பு அலமாரி, கூரைத் தகடு ஆகியவற்றுக்குத்தான் பணம் கேட்கிறோம்.

நூறு ரூபாயானாலும் பொருளாளர் ரசீது தருவார். வரவுசெலவை மாதாமாதம் படிப்பகப் பலகையில் ஒட்டுவோம். பணம் தர முடியாதவர்கள் பெட்டியை எடுத்து வாருங்கள். ஞாயிறு காலையில் படிப்பகம் திறந்திருக்கும். உங்கள் கண்ணெதிரே படியெடுத்து, மூலத்தை அன்றே கையில் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்றுக் குழுவினர்