நாலு கட்டம் போட்டு எழுது

பொள்ளாச்சி
செப்டம்பர் 3

அன்புள்ள அம்மிணிக்கு,

வாழ்க வளமுடன். (இப்படி ஆரம்பிக்காவிட்டால் உன் அப்பா கடிதத்தைத் தபாலில் சேர்க்க மாட்டார்.)

இங்கே எல்லோரும் சௌக்கியம். தேங்காய்க்கு விலை இருக்கிறது, நம் மரத்தில்தான் காய் இல்லை. வெள்ளை ஈ. சரி, அது கிடக்கட்டும்.

உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தினமும் பார்க்கிறேன். சூரியன் உதிக்கிற படம், 'நல்லதையே நினை', நேற்று தாமரைப்பூ. எல்லாம் அழகுதான். ஆனால் நீ போட்ட நேரமும் அதிலேயே தெரிகிறதே கண்ணு, ராத்திரி இரண்டரை மணிக்கு எந்தச் சூரியன் உதிக்கிறது? பாப்பா பாலுக்கு எழுந்திருப்பாள், கையோடு போட்டிருப்பாய் என்கிறார் அப்பா. இருக்கலாம். போன் பண்ணினால் 'யோகா கிளாஸ்மா, ஆல் குட்' என்று மெசேஜ் வருகிறது. எடுத்து இரண்டு வார்த்தை பேசினால் என்ன? நான் என்ன கேட்டுவிடப் போகிறேன்?

யோகா வேண்டாம் என்று நான் சொல்வேனா? பத்தாவது லீவில் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை யோகா பயிற்சி எடுத்தவள் நீ. மகராசனத்தில் நீ புரளும் அழகைப் பார்த்து, நர்சம்மா மகளைப் பார் என்பார்கள் நம் ஊர் மனவளக்கலை மன்றத்தில். உன் பெரியவன் கவினும் உன்னை மாதிரிதான். லீவுக்கு வந்தபோது அப்புச்சி பக்கத்தில் படுத்து உடல் தளர்த்தல் செய்தான். "கட்டைவிரல் தூங்கிடுச்சு, மூக்கு எப்பத் தூங்கும்?" என்று கேட்டு அவர் தவத்தையே கலைத்துவிட்டான். ஆனால் போனில் வகுப்பு எடுக்கிற யாரோ சொன்னாள் என்று நீ கபாலபதி மூச்சுப் பயிற்சி செய்யாதே. ஆபரேஷன் பண்ணின வயிறு. டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய். அதற்கு முன்னால் தூங்கு.

அந்த வகுப்பில் நெகட்டிவாக எதையும் நினைக்கவே கூடாது என்கிறார்களாமே, மாப்பிள்ளை சொன்னார். இது எந்த ஊர்ப் பாடமோ. மகரிஷி தறி நெய்கிற வீட்டில் பிறந்து குடும்பம் நடத்தியவர். வீட்டுப் பாடு தெரிந்தவர். கவலையே இல்லை என்று சொல்லிக்கொள்ளச் சொல்லவில்லை அவர், பேப்பர் எடுத்து எழுதச் சொன்னார். அனுபவித்தே தீர வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது என்று நாலு கட்டம். நீ கணக்குப் பரீட்சையை அலட்சியக் கட்டத்தில் எழுதி அப்பாவிடம் மாட்டினாயே. உனக்குத் தெரியாததா?

அதையே இப்போது எழுது. பாப்பா ராத்திரி விழிப்பது முதல் கட்டம். வீடு கூட்டாமல் கிடப்பது இரண்டாவது. உன் மாமியார் சொல்வதெல்லாம் மூன்றாவது (இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டாதே). நாலாவதை நான் நிரப்ப மாட்டேன், நீயே எழுது.

ஆகஸ்ட் 30 மன்றத்தில் மனைவி நல வேட்பு நாள் கொண்டாடினார்கள். அப்பா எல்லோர் முன்னாலும் பூ நீட்டினார், நான் பழம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் காபித் தம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளை பூவெல்லாம் தர வேண்டாம். ராத்திரி ஒரு நேரம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனால் போதும். அந்த நேரத்தில் நீ தூங்கு. ஸ்டேட்டஸ் போடாதே.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், உனக்கென்று இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய் வந்தவள் நான். பிரசவமான புதிதில் வருகிற அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காததும் உண்டு. மாதக்கணக்கில் கழித்துப் புதிதாக ஆரம்பிப்பதும் உண்டு. அதற்குப் பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடுகிற மாத்திரைகளும் இருக்கின்றன. சோம்பேறித்தனமும் இல்லை, தவம் போதாததும் இல்லை. ஈரோட்டுச் சித்திக்கு அந்த வருஷம் எல்லோரும் தைரியமாக இரு, தைரியமாக இரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

போன ஞாயிறு கவின் போனை எடுத்தான். "அம்மாயி, அம்மா தியானம் பண்றா, பேசக் கூடாது. ஆனா கண்ல தண்ணி வருது" என்றான். அதற்குள் யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

கண்ணில் தூசி விழுந்திருக்கும், தெரியும்.

செலவு ரசத்துக்குப் பொடி இடித்தாகிவிட்டது. கொள்ளும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அப்பா டிக்கெட் போட்டுவிட்டார், எனக்கு மட்டும், திரும்பி வருவதற்குப் போடவில்லை. பெங்களூரில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று மாப்பிள்ளையை மெசேஜ் அனுப்பச் சொல். நீ அனுப்பாதே, அந்த நேரத்தில் தூங்கு.

அம்மா