சிறுநீரைச் சோதிக்க ஏன் 14 மாதம் ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், தங்கைக்குச் சிறுநீரகம் உட்படப் பல உறுப்புகளைத் தாக்கக்கூடிய லூபஸ். இரண்டுமே உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்குகிற நோய்கள். இரண்டு பேரையும் கூட இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது, நோய் என்ன என்பதைவிட, முதலில் எந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம், எத்தனை வயதில் போனோம் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் மருந்தே முடிவாகிறது.

அம்மாவுக்குக் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது, தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறப்பார். "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி இரண்டு வருஷம் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். மூட்டு சிதைவதைத் தடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை, வாதநோய் நிபுணரைப் பார்த்த பிறகுதான் வந்தது. இந்த நோயில் முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் ஆரம்பித்தால் மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. வளைந்துவிட்ட விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. வயதானவர்களுக்கு இந்த மருந்துகளைக் குறைவாகவும் ஸ்டீராய்டை அதிகமாகவும் எழுதுகிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன, ஆக இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

தங்கை விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. லூபஸ் என்று தெரிந்தும் 14 மாதம் யாரும் சிறுநீரைச் சோதிக்கவில்லை. சிறுநீரில் நுரை வந்து தண்ணீர் ஊற்றியும் கலையாமல் நிற்கும், சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் அழுந்திய பள்ளம் காலில் அப்படியே இருக்கும், அவள் வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரை வேறு தினமும் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தபோது, கடுமையான நான்காம் வகை பாதிப்பு என்று தெரிந்தது.

லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். அவளுக்கு எழுதிய, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும், ஆனால் கல்யாணம் ஆகி ஆறு மாதமே ஆன பெண்ணிடம் அதைச் சொன்னது மருந்துக்கடைக்காரர்தான், டாக்டர் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு லூபஸ் சிறுநீரக நோய் வெள்ளையரைவிட அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது, ஆனால் புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் அவர்கள் குறைவாகவே சேர்க்கப்படுகிறார்கள். 2020 டிசம்பரில் பெலிமுமாப், 2021 ஜனவரியில் வொக்லோஸ்போரின் என்று இந்த நோய்க்கே அங்கே இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. சரி, நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகம் பாதித்ததன் அடையாளமாகச் சிறுநீரில் புரதம் போகிறதா என்றே பார்க்காத இடத்தில் அந்த மருந்து யாருக்குப் போய்ச் சேரும்?

உங்கள் மருத்துவப் பக்கத்தில் புது மருந்துச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. லூபஸ் இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும், ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியே இருந்தால் வலி மாத்திரையோடு நிறுத்திவிடாமல் வாதநோய் நிபுணரிடம் போக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி