பாப்பாவுக்கு, அட்டவணையைப் பார்த்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கிலாந்தின் கார்ன்வால் கிரானைட்டில் பொறுக்கிய சிர்கான் என்ற சிறு கனிம மணிகளை லேசரால் சுட்டு, யுரேனியம் ஈயமாக மாறுவதை வைத்து நீ கணித்த வயதுகளின் அட்டவணை வந்தது. கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். அம்மா கேட்டதற்கு, "வேலையாக இருக்கிறாள், எண்கள் அனுப்பியிருக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்து அத்தை கொண்டுவந்த பேச்சைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. அது முடிந்துவிட்டது.

29 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம், 60 கோடியில் கொஞ்சம், 200 கோடியில் கொஞ்சம், நடுவில் 38, 45 என்று எதிலும் சேராமல் சில. இதைப் பார்த்து நீ துவண்டு போயிருந்தால், அதற்கு அவசியமே இல்லை. கார்ன்வால் கிரானைட் ஆழத்தில் வண்டல் பாறைகள் உருகிப் பிறந்தது. புவியியலாளர்கள் சாப்பலும் ஒயிட்டும் 1974-ல் பிரித்துக் காட்டிய எஸ்-வகை. அப்படிப்பட்ட குழம்பின் சூட்டில் பழைய சிர்கான் முழுக்கக் கரையாது. மிச்சம் கருவாக நிற்கும், புது சிர்கான் அதைச் சுற்றி விளிம்பாக வளரும். ஆகவே 60 கோடியும் 200 கோடியும் உருகிய பாறைக்குள் இருந்த மணிகளின் வயது. கிரானைட்டின் வயதை விளிம்பில்தான் தேட வேண்டும். 38, 45 எல்லாம் லேசர் பாதிக் கருவையும் பாதி விளிம்பையும் சேர்த்துச் சுட்டதால் வந்த கலப்பாக இருக்கும். அந்த வயதில் பூமியில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை நான் இங்கிருந்து ஊகமாகத்தான் சொல்ல முடியும். லேசர் சுட்ட ஒவ்வொரு ஸ்பாட்டுக்கும் சி.எல். படம் வேண்டும், எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதில் கருவையும் விளிம்பையும் பிரித்துக் காட்டும் படம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார். ஸ்பாட் 30 மைக்ரான் அகலம் என்றால் குழி கீழே 15, 20 மைக்ரான் போகும். மேலே விளிம்பாகத் தெரிந்தாலும் அடியில் கரு இருக்கலாம். அதைப் படம் காட்டாது, சிக்னல் காட்டும். சுடும் நேரம் முழுக்க ஈயம்-யுரேனியம் விகிதம் சமமாகப் போகிறதா, நடுவில் ஏறுகிறதா என்று பார். ஏறினால் ஏறுவதற்கு முந்தைய பகுதியை மட்டும் எடு. அது சில விநாடிகூடத் தேறவில்லை என்றால் அந்த ஸ்பாட்டை வயதுக்குச் சேர்க்காதே. அட்டவணையில் மட்டும் வைத்திரு.

200 கோடி மணிகளைப் பற்றி இன்னொரு சந்தேகமும் உண்டு. அவை விளிம்புக்குள் அடைபட்ட கருக்களா, தனியாகக் கிடந்த உருண்டை மணிகளா? கருவாக இருந்தால் கவலையில்லை, விளிம்பே சாட்சி. தனி மணி என்றால் முந்தைய மாதிரியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சல்லடைக் கம்பிவலையில் மணி சிக்கினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஒவ்வொரு மாதிரிக்கும் புது நைலான் துணி மாட்டு. நொறுக்கும் இயந்திரத்தில் முதலில் வெறும் குவார்ட்ஸை ஓட்டி எடு. கனமான மணிகளைப் பிரிக்கும் புரோமோஃபார்ம் திரவத்தை வடிகட்டும் தாளை மறுபடி பயன்படுத்தாதே. நம் தேவனாம்பட்டினத்து மணலில்கூடச் சிர்கான் கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன பைகளைப் பரிசோதனைக்கூடத்துக்குள் எடுத்துப் போகாதே.

வயது ஏற்கனவே தெரிந்த பிளெஷோவிச் சிர்கானைச் சரிபார்க்க இடையிடையே ஓட்டியிருக்கிறாய், 33.7 கோடி என்று ஒழுங்காக வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பெருமையாக இருந்தது. அவசரக்காரர்கள் விட்டுவிடுகிற இடம் அது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்பவள், கருவியில் நிறை எண் 204-ல் வந்த சிக்னலை அப்படியே பழைய ஈயம், அதாவது யுரேனியத்திலிருந்து பிறக்காமல் முதலிலேயே இருந்த ஈயம், என்று கழித்திருக்கிறாய். வாயுவில் வரும் பாதரசத்துக்கும் 204 உண்டு. 202-ஐ அளந்து பாதரசத்தின் பங்கைக் கழித்த பிறகுதான் மிச்சம் ஈயம். இது தெரியாதவள் இல்லை நீ. தூக்கம் கெட்டு உட்கார்ந்து செய்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. சாப்பிடுகிறாயா?

29-க்கும் கீழே இறங்கி 26, 25 என்று நிற்கும் மூன்று மணிகளையும் பார்த்தேன். மூன்றிலும் யுரேனியம் மிக அதிகம். கதிரடியில் படிகம் சிதைந்து, அந்த வழியாக ஈயம் கசிந்திருக்கிறது. அது இளைய கிரானைட் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மாட்டின்சன் 2005-ல் தந்த முறைப்படி 900 டிகிரியில் இரண்டு நாளுக்குக் குறையாமல் சூடாக்கி, மூடிய பாத்திரத்தில் சூடான ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் 12 மணி நேரம் வைத்தால் சிதைந்த பகுதி கரைந்துபோகும். நல்ல படிகம் மிஞ்சும்.

இந்த அமிலம்தான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. 50 சதவீதத்துக்கு மேல் என்றால் பட்டவுடன் எரியும், ஓடிப்போய்க் கழுவிவிடுவாய். 20-க்குக் கீழ் என்றால் ஒரு நாள் வரைகூட வலி தெரியாது. அதற்குள் உள்ளே போய் ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்தைத் தொடும். பட்டது போலச் சந்தேகம் வந்தாலே ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவு, 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போ. ஜெல் குழாயில் போட்டிருக்கும் தேதியைப் பார். பாத்திரம் முழுக்க ஆறும் முன் திறக்காதே. கண்ணாடியில் ஊற்றாதே. தனியாக ராத்திரியில் திறக்கவே திறக்காதே. வேலை ஒரு வாரம் தள்ளிப் போனால் போகட்டும்.

வயது சொல்லும் இன்னொரு கனிமமான மோனசைட்டையும் பொறுக்கி வை. கார்ன்வாலில் பழைய கரு தொல்லை சிர்கானைவிட அதில் குறைவு. 1993-ல் வந்த நல்ல வயதுகள் அதிலிருந்துதான் கிடைத்தன: 29.3 கோடியிலிருந்து ஏறக்குறைய 27.5 கோடி வரை, ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு வயது. கவனம், மோனசைட் தோரியத்தை ஆவலாக வாங்கும். வளரும்போதே தோரியம்-230-ஐ அதிகமாக எடுத்துக்கொள்வதால் ஈயம்-206 கூடுதலாகி, ஈயம்-206/யுரேனியம்-238 வயது மூத்துக் காட்டும். அதில் ஈயம்-207/யுரேனியம்-235 வயதைப் பார்.

இனி அந்தக் கிரானைட்டைச் சுற்றியுள்ள வெள்ளீயத் தாது. உன் ஆய்வு வழிகாட்டி "கிரானைட் 29, ஆகவே வெள்ளீயமும் 29" என்று ஒரு வரியில் முடிக்கச் சொன்னால், அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதே. லேசரில் ஒரு சதவீதப் பிழை என்றாலே 29 லட்சம் ஆண்டு. கிரானைட் ஆறியதற்கும் அதன் திரவம் பிளவில் வெள்ளீயக் கல்லை (காசிடரைட்) விட்டதற்கும் இடையே அதைவிட மிகக் குறைந்த காலம் இருக்கலாம். நம் பக்கத்துக் கர்நாடகத்தின் குளோஸ்பெட் கிரானைட், 250 கோடிக்காரர், அதிலே அதே ஒரு சதவீதம் இரண்டரைக் கோடி ஆண்டு. கார்ன்வாலின் கிரானைட் கதை முழுவதும் அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். மத்தியப் பிரதேசத்துச் செம்புச் சுரங்கமான மாலஞ்ச்கண்டில், தாதுவோடு இருக்கும் மோலிப்டினைட் கனிமத்தையே ரீனியம்-ஆஸ்மியம் முறையில் அளந்து 249 கோடி என்று சொன்னார்கள். தாதுவின் வயதைத் தாதுவிடமே கேட்க வேண்டும் என்பதால்தான் அப்படிச் செய்தார்கள். உனக்கு அங்கே வெள்ளீயக் கல் இருக்கிறது. அதிலேயே யுரேனியம்-ஈயம் அளக்கலாம், ஆனால் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் தரமாகச் சிர்கானை வைக்காதே, வயது தெரிந்த வெள்ளீயக் கல்லையே வை. மஸ்கோவைட் என்ற வெள்ளை மைக்காவில் ஆர்கான் அளந்தால் வருவது பெரும்பாலும் 400 டிகிரிக்குக் கீழே ஆறிய நேரம். அதையும் தாது வயது என்று எழுதிவிடாதே. இன்னொன்று, வடக்கு தெற்காக வெட்டிப்போகும் காரீயம்-துத்தநாகத் தாது நாளங்கள் டிரையாசிக் காலத்தவை, கிரானைட்டைவிட மிகவும் பின்னால் வந்தவை. பக்கத்தில் கிடப்பதால் மட்டும் கிரானைட்டின் பிள்ளை ஆகிவிடாது.

வெளிப்பாறையில் நிற்கும்போது காந்த ஏற்புத்திறன் மீட்டரையும் வை. இஷிஹாரா 1977-ல் பிரித்தபடி, உன்னுடையதைப் போன்ற, காந்தக் கனிமம் குறைந்த இல்மனைட் வரிசைக் கிரானைட்டில் எண் எஸ்.ஐ. அலகில் ஆயிரத்தில் மூன்றுக்குக் கீழே நிற்கும். குழம்பில் ஆக்சிஜன் குறைவாக இருந்ததால் வெள்ளீயம் படிகங்களுக்குள் போகாமல் கடைசிவரை உருகலில் தங்கிச் சேர்ந்தது. புதிதாக உடைத்த முகத்தில் அள. செயின்ட் ஆஸ்டல் பக்கம் வெள்ளைக் களிமண்ணாக மாறிய இடங்களில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இங்கே மழை. கெடிலத்தில் தண்ணீர் போகிறது. வீடு பரவாயில்லை.

நடுவில் சிக்கிய மணிகளின் சி.எல். படங்களை அனுப்பு, எதையும் அழிக்காமல். தனியாக ராத்திரியில் அமிலம் திறக்காதே என்று சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். ஞாயிறு இங்கே மாலை ஆறு மணி, உனக்குப் பகல் பன்னிரண்டரை. அம்மா போனைப் பக்கத்தில் வைத்திருப்பாள். எண்களைப் பற்றியே பேசினாலும் போதும்.

அப்பா